மகளின் ‘சின்ன நம்பர்’: எட்டிப் பார்க்கலாமா?

கேச்சியாவ் மீனா:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே தமிழில் பேச வீட்டுக்காரரை விட்டால் ஆளில்லை. அவர் காதில் துணி ரேட்டைத் தவிர எதுவும் ஏறாது.

நாங்கள் கரூர்ப் பக்கம். சீனாவில் ஜெஜியாங் மாகாணம், ஷாவ்சிங் நகரத்தைச் சேர்ந்த கேச்சியாவில் 12 வருடமாக இருக்கிறோம். துணி வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இந்த ஊரைச் சொல்ல வேண்டியதில்லை. மகளுக்கு 13 வயது. பாலர் பள்ளியிலிருந்தே சீனப் பள்ளிதான், இப்போது எட்டாம் வகுப்பு. என்னுடையது கடைத்தெருச் சீனம். அவள் தோழிகளோடு பேசும் சீனம் எனக்குப் பாதிதான் புரியும், மீதியைச் சிரித்துச் சமாளிப்பேன்.

போன மாதம் அவள் குளிக்கப் போயிருந்தாள். மேசையில் கிடந்த போன் மினுக்கியது. கையில் தோசை மாவு, நான் போனைத் தொடக்கூட இல்லை. க்யூக்யூ என்ற அரட்டைச் செயலியில் யாரோ அனுப்பிய செய்தி திரையிலேயே தெரிந்தது: “இந்த மாதம் தினை ரொம்பத் தின்றுவிட்டோம். இனி மண்தான் தின்ன வேண்டும். வீட்டில் சொல்லிவிடாதே.”

எழுத்து எழுத்தாக அப்படித்தான் இருந்தது. தினை. மண். வீட்டில் சொல்லாதே. பெத்த வயிறு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஏதோ போதைச் சமாச்சாரத்துக்கு ரகசியப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். அன்று ராத்திரி அவள் தட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து தோசை சாப்பிட்டாள்.

மறுநாள் எங்கள் கடையில் வேலை பார்க்கும் 22 வயதுப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ‘கூட்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் சீனத்தில் ‘கூ-ட்ஸ’ என்கிறார்களாம். கார்ட்டூன், கேம் பாத்திரங்களின் படம் போட்ட அட்டை, சாவிக்கொத்து, பொம்மை இதெல்லாம் அந்தக் கூட்ஸில் சேர்த்தி. அந்தச் சீன எழுத்துக்கு நேர்ப்பொருள் தினை! அதனால் வாங்குவதைத் ‘தினை தின்பது’ என்கிறார்கள். கைக்காசு தீர்ந்தால் ‘மண் தின்பது’. சட்டையில் குத்தும் வட்ட பேட்ஜுக்குப் பெயர் ‘பாஜி’. பேட்ஜ் என்பதுதான் அப்படித் திரிந்திருக்கிறது. என் காதில் பஜ்ஜி என்றே விழுந்தது. என் மகள் ஆறு மாதமாக “பாஜி வந்துடுச்சா” என்று தோழியிடம் கேட்டதெல்லாம் அப்போதுதான் உறைத்தது. நான் வாழைக்காய் வாங்கி வைத்தேன், சும்மா இல்லை!

சரி, தினை தீர்ந்தது. மிச்சம் இருப்பது “வீட்டில் சொல்லாதே”. கடைப்பெண் இன்னொன்றும் சொன்னாள். அது அவளுடைய ‘ஷியாவ்ஹாவ்’ஆக இருக்கும், அதாவது சின்ன நம்பர், இரண்டாவது கணக்கு. “பெரிய நம்பர் அம்மாவுக்கும் வாத்தியாருக்கும். சின்ன நம்பர்தான் எங்களுக்கு” என்றாள். மகளிடம் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். “எல்லாரிடமும் இருக்கு” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

பள்ளி விஷயத்தையும் சொன்னால்தான் இது புரியும். காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறாள். ராத்திரி வீட்டுப்பாடம் முடிய பத்தரை. ஒன்பதாம் வகுப்பு முடிவில் ஜோங்காவ் என்ற தேர்வு. அதில் மதிப்பெண் குறைந்தால் பொது மேல்நிலைப் பள்ளி கிடையாது, தொழிற்பள்ளிதான். அதையும் தாண்டினால் காவ்காவ், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. பெயரைக் கேட்டால் காக்காய் கத்துவது போல இருக்கும், ஊரே நடுங்கும். வெளிநாட்டுப் பிள்ளை என்பதால் என் மகள் காவ்காவ் எழுத வேண்டியதில்லை, பல்கலைக்கழகத்துக்கு வேறு வழி இருக்கிறது. ஆனால் பக்கத்து இருக்கைக்காரி கழிப்பறையில் நின்று ஆங்கில வார்த்தை மனப்பாடம் பண்ணும்போது இவளுக்கு மட்டும் காற்று வேறு திசையிலா அடிக்கும்? 2021 ஜூலையில் அரசு டியூஷன் கம்பெனிகளை ஒடுக்கியது. டியூஷன் நின்றுவிடவில்லை, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

இதோடு வீசாட் என்ற செய்திச் செயலியில் பெற்றோர் குழு. வீசாட்டில் ‘படித்துவிட்டார்’ என்று காட்டும் குறி கிடையாது. அதனால் ஆசிரியர் ஒரு அறிவிப்புப் போட்டால் ஒவ்வொரு பெற்றோரும் “ஷோவ்தாவ்”, அதாவது “கிடைத்தது” என்று பதில் போட வேண்டும். கூடவே “ஆசிரியருக்கு ரொம்பச் சிரமம்” என்று ஒரு வரி. 46 பேர், 46 ஷோவ்தாவ். அதற்கு நடுவில் உண்மையான செய்தி எங்கோ மேலே போய்விடும். 2020ல் பக்கத்து ஜியாங்சு மாகாணத்தில் ஒரு அப்பா, “பாடம் நடத்துவதும் நான், வீட்டுப்பாடம் திருத்துவதும் நான், பிறகு ‘ஆசிரியருக்குச் சிரமம்’ என்றும் நானே சொல்ல வேண்டுமா? குழுவைவிட்டுப் போகிறேன்” என்கிற மாதிரி வீடியோ போட்டார். நாடே பார்த்தது. நானும் மூன்று தடவை பார்த்தேன். ஆனால் குழுவைவிட்டுப் போகவில்லை.

போயிருந்தால் எனக்கு 380 யுவான் மிச்சம். மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, வகுப்பாசிரியர் பெயரிலும் படத்திலும் குழுவில் ஒரு செய்தி: “பயிற்சிப் புத்தகக் கட்டணம் 380, இன்று மதியத்துக்குள்.” கீழே க்யூஆர் குறியீடு. இரண்டு பெற்றோர் உடனே “செலுத்திவிட்டேன், ஆசிரியருக்குச் சிரமம்” என்றார்கள். என் பிள்ளை மட்டும் கடைசியாகிவிடக் கூடாதே என்று நானும் ஸ்கேன் செய்தேன். ஆறே நிமிடம். உண்மையான ஆசிரியர் அப்போது வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். குழுவில் புகுந்தவன் அவர் படத்தையும் பெயரையும் அப்படியே போட்டுக்கொண்ட திருடன். முதலில் “செலுத்திவிட்டேன்” என்ற இருவரும் அவன் ஆட்களாக இருக்கலாம் என்று காவல் நிலையத்தில் சொன்னார்கள். இதை வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்போது கேள்வி. ஒரு படத்தையும் பெயரையும் பார்த்து நானே ஏமாந்தேன். 13 வயதுப் பிள்ளை சின்ன நம்பரில் யார் யாரோடு பேசுகிறாளோ? போன் கடவுச்சொல் எனக்குத் தெரியும், அவளே சொன்னதுதான். திறந்து பார்க்கலாமா? இல்லை, க்யூக்யூ, வீசாட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வாட்ஸ்அப் மட்டும் போதும் என்று சொல்லிவிடலாமா? அதுதான் பத்திரம் என்று கரூரில் தம்பி சொல்கிறான்.

ஷென்ஜென் பாலு:

மீனா அக்கா, வாழைக்காயைப் படித்துவிட்டு ஆபீஸில் சிரித்துத் தொலைத்தேன். நான் ஷென்ஜெனில் சர்க்யூட் போர்டு கம்பெனியில் இருக்கிறேன், பையன்கள் இரண்டு பேரும் இங்கேதான் படிக்கிறார்கள்.

முதலில் அந்த 380. இது ரொம்பப் பழகிய திருட்டு. வீசாட் குழுவில் யார் வேண்டுமானாலும் படத்தையும் பெயரையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதது, உங்களுக்கும் உண்மையான ஆசிரியருக்கும் ஏற்கெனவே இருக்கும் தொடர்பு. படத்தைத் தொட்டுப் பாருங்கள். ஆசிரியர் உங்கள் நண்பர் பட்டியலில் இருந்தால் ‘செய்தி அனுப்பு’ என்று வரும். திருடனாக இருந்தால் ‘தொடர்பில் சேர்’ என்று வரும். இரண்டு நொடி வேலை. இன்னொன்று, எல்லோரையும் ஒரே தட்டில் அழைக்கும் வசதி குழு உரிமையாளருக்கும் நிர்வாகிகளுக்கும் மட்டும்தான். காசு கேட்கும் செய்தி அப்படி வராவிட்டால் சந்தேகப்படுங்கள். புதிதாக ஒருவரைச் சேர்க்க உரிமையாளர் சம்மதம் வேண்டும் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, ஆசிரியரிடம் சொல்லி அதைப் போடச் சொல்லுங்கள். அவன் எப்படி உள்ளே வந்தான் என்று கேட்டீர்களா? எங்கள் பள்ளியில் இப்படி நடந்தபோது, கேமில் பாத்திரத்துக்குப் போடும் ‘ஸ்கின்’ உடையை இலவசமாகத் தருகிறேன் என்று ஒருவன் ஒரு பையனிடம் ஆசை காட்டி, அவன் அம்மா போனிலிருந்து குழுவின் க்யூஆர் குறியீட்டை வாங்கியிருந்தான். மோசடி என்று சந்தேகம் வந்தால் 96110க்குக் கூப்பிடலாம், பணம் போய்விட்டால் 110.

அப்புறம் தம்பி சொன்ன பத்திரம். அவர் சொன்னதில் பாதி சரி. வாட்ஸ்அப்பில் 2016லிருந்து அனுப்புபவர் போனில் பூட்டிய செய்தி பெறுபவர் போனில்தான் திறக்கும், நடுவில் இருக்கும் கம்பெனியால்கூடப் படிக்க முடியாது. வீசாட்டிலும் க்யூக்யூவிலும் அந்தப் பூட்டு இல்லை. உங்கள் போனிலிருந்து கம்பெனி சர்வர் வரை பூட்டு, அங்கே திறக்கும், பிறகு மறுபடி பூட்டு. 2018 புத்தாண்டு அன்று ஜீலி கார் கம்பெனித் தலைவர் லீ ஷூஃபூ, வீசாட்டையும் க்யூக்யூவையும் நடத்தும் டென்சென்ட் கம்பெனியின் தலைவர் மா ஹுவாதெங் தினமும் நம் வீசாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று மேடையில் சொல்லிவிட்டார். மறுநாளே கம்பெனி, நாங்கள் யாருடைய உரையாடலையும் சேமித்து வைப்பதில்லை என்று அறிக்கை விட்டது. சேமிப்பதில்லை என்பது வேறு, பார்க்க முடியாது என்பது வேறு. வெளிநாட்டு எண்ணில் பதிந்த வீசாட் கணக்குகள் அனுப்பும் கோப்புகளையும் படங்களையும்கூட அலசி, அதை வைத்து உள்நாட்டுத் தணிக்கைப் பட்டியலை வளர்க்கிறார்கள் என்று 2020ல் டொராண்டோவின் சிட்டிசன் லேப் என்ற ஆய்வுக்கூடம் சோதித்துக் காட்டியது. இங்கே இருப்பவர்களுக்கு இதில் பெரிய அதிர்ச்சி இல்லை. எங்கள் லைன் சூப்பர்வைசர் சொல்வார்: “அரசாங்கம் படித்தால் படிக்கட்டும், என் மேனேஜர் படிக்காமல் இருந்தால் போதும்.”

உங்கள் மகளுக்கும் கணக்கு இதேதான். அவள் பயம் சர்வரைப் பற்றி இல்லை அக்கா, சமையலறையைப் பற்றி.

வாட்ஸ்அப்புக்கு மாற்றுவது நடக்காத காரியம். 2017லிருந்து இங்கே அது முடக்கம், தடையைச் சுற்றிப் போகும் விபிஎன் இல்லாமல் திறக்காது. அவள் வகுப்பில் ஒருத்தியிடமும் இருக்காது. ஊரே ஆற்றில் குளிக்கும்போது உங்கள் பிள்ளைக்கு மட்டும் தனியாகக் கிணறு வெட்டி என்ன பயன்? என் அம்மா ஊரில் வீசாட்டில்தான் பேரன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2020 ஜூன் 29 அன்று இந்தியா 59 செயலிகளைத் தடை செய்தபோது அதுவும் போயிற்று. அதிலிருந்து இந்தப் பக்கம் விபிஎன், அந்தப் பக்கம் வாட்ஸ்அப், நடுவில் “கேக்குதா? கேக்குதா?”

என் சின்னவன் கதை ஒன்று. அவன் கையில் ஷியாவ்தியன்ட்சாய் என்ற பிராண்டின் போன் கடிகாரம். இரண்டு பேர் கடிகாரத்தையும் ஒன்றோடொன்று முட்டவைத்தால் நண்பர்கள். வேறு பிராண்ட் கட்டியவன் முட்டிப் பார்த்தும் பயனில்லை, அவன் ஜாதி வேறு. நான் விலை குறைந்த வேறொன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். இரண்டு மாதம் பையன் பள்ளியிலிருந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தான். யாரோ அடிக்கிறார்கள் என்று நினைத்துப் பள்ளிக்கே போய்விட்டேன். யாரும் அடிக்கவில்லை. யாரும் முட்டவில்லை, அதுதான்.

நாமக்கல்காரன்:

எதற்கு இவ்வளவு யோசனை? போனைப் பிடுங்கி பீரோவில் வையுங்கள். நான் நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் படித்தவன். இரண்டு வருடம் போன் இல்லை, டிவி இல்லை, ஞாயிறு ஒரு மணி நேரம் அப்பா அம்மாவைப் பார்க்கலாம். இன்று நன்றாகத்தான் இருக்கிறேன். சீனாவில் கேமுக்கே அரசாங்கம் நேரம் வைத்திருக்கிறதே, பெற்றவர்கள் வைக்கக் கூடாதா?

ஷென்ஜென் பாலு:

வைத்திருக்கிறார்கள். 2021 செப்டம்பரிலிருந்து 18 வயதுக்குக் கீழே இருந்தால் வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை, அந்த நாட்களில் இரவு 8லிருந்து 9 வரை மட்டும். என் பெரியவன் விளையாடுவது அவன் தாத்தா பெயரில் பதிந்த கணக்கில். வெளியூர்த் தாத்தாவுக்கு இந்த வயதில் இவ்வளவு கேம் ஆர்வமா என்று கணக்கு பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

உங்கள் விடுதிப் பள்ளிக்கு இங்கே அண்ணன் இருக்கிறது நண்பரே. அன்ஹுய் மாகாணத்தில் மாவ்தான்சாங் என்ற சிறிய ஊர். ஊரே ஒரு மேல்நிலைப் பள்ளியை நம்பிப் பிழைக்கிறது. பிள்ளையைச் சேர்த்துவிட்டு அம்மாக்கள் வேலையை விட்டு அங்கேயே அறை எடுத்துத் தங்கிச் சமைத்துப் போடுகிறார்கள். ஜூன் மாதம் தேர்வுக்குக் கிளம்பும் பேருந்துகளை வழியனுப்ப ஆயிரக்கணக்கில் கூட்டம், பேருந்து எண்ணில் 8 இருந்தால் ராசி. அந்த ஊரிலும் பிள்ளைகள் போனை எங்கேயாவது ஒளித்துத்தான் வைத்திருப்பார்கள்.

கேச்சியாவ் மீனா:

நாமக்கல் தம்பி, கோபப்படாதீர்கள், பிடுங்க முடியாது. வீட்டுப்பாடமே டிங்டாக் செயலியில் வருகிறது. அதில் யார் படித்தார்கள், யார் படிக்கவில்லை என்று ஆசிரியருக்குப் பெயரோடு தெரியும். 2020 பிப்ரவரியில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடி அதில் பாடம் தொடங்கியபோது, சீனப் பிள்ளைகள் சேர்ந்து அந்தச் செயலிக்கு ஒற்றை நட்சத்திரமாகப் போட்டுத் தள்ளினார்கள். “ஐந்து நட்சத்திரம்தான் தருகிறேன், ஐந்து தவணையில்” என்று கிண்டல் வேறு. கடைசியில் அந்தக் கம்பெனியே பிலிபிலி என்ற வீடியோ தளத்தில் “என்னை விட்டுவிடுங்கள் அப்பா” என்று கெஞ்சிப் பாட்டுப் போட்டது. எங்கள் மாடிவீட்டுப் பையன் ஒவ்வொரு தவணையையும் எனக்குக் காட்டிவிட்டுத்தான் போட்டான். நானும் ஒன்று போட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாலு, சமையலறை என்று சொன்னது கொஞ்சம் குத்தியது. ஆனால் அந்தச் சின்ன நம்பரில் பேசுவது அவள் வயதுப் பிள்ளை என்பதற்கு என்ன அத்தாட்சி? என் ‘ஆசிரியர்’ மாதிரி யாராவது இருந்தால்?

தேயிலைத்தோட்டம்:

மீனா அக்காவுக்கு வணக்கம். நான் சீனப் பெண். ஹெனான் மாகாணம் சின்யாங் என் ஊர், மாவ்ஜியன் தேயிலைக்குப் பெயர்போனது. பெய்ஜிங்கில் நான்கு ஆண்டு தமிழ் படித்தேன். எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும், ழகரமும் ளகரமும் இன்னும் என்னை அழவைக்கின்றன. நான் சொல்லப்போகும் கதையும் அப்படி ஓர் எழுத்துக் குழப்பத்தைப் பற்றியதுதான்.

நான் காவ்காவ் எழுதியது 2010 ஜூன் 7, 8. ஹெனானில் போட்டி அதிகம். இப்போதெல்லாம் எங்கள் மாகாணத்தில் மட்டும் 13 லட்சம் பேருக்கு மேல் எழுதுகிறார்கள். விடுதியில் இருந்தேன். மேசையில் புத்தகங்களைச் சுவர் போல அடுக்கி, அதன் பின்னால் தூங்குவோம். கரும்பலகையின் மூலையில் இன்னும் எத்தனை நாள் என்ற எண். தினமும் காலை ஒருவர் அதை அழித்து ஒன்றைக் குறைத்து எழுத வேண்டும். என் முறை வந்த நாளில் என் கை வேண்டுமென்றே மெதுவாக எழுதும். ஞாயிறு மதியம் மட்டும் வீட்டுக்குப் போகலாம். குளியல், சாப்பாடு, ஒரு மணி நேரம் கணினி.

அம்மாவுக்கு க்யூக்யூ கணக்கு தொடங்கிக் கொடுத்ததே நான்தான். 2009இல் சீனாவே காய்கறி திருடிக்கொண்டிருந்தது. அது க்யூக்யூவில் ஒரு தோட்ட விளையாட்டு, நண்பர்கள் தோட்டத்தில் விளைந்ததைப் பறித்துக்கொண்டு ஓடலாம். பெரியவர்கள் நள்ளிரவில் அலாரம் வைத்து எழுந்து முள்ளங்கி திருடினார்கள். என் அம்மாவும் திருடினார். தேயிலைக் கடையில் நாள் முழுதும் நின்றுவிட்டு வந்து, இரண்டு விரலால் தட்டக் கற்றுக்கொண்டார்.

அந்தக் குளிர்காலத்தில் ‘வாடைக்காற்று’ என்ற பெயரில் ஒருவர் என்னை நண்பராகச் சேர்த்தார். பக்கத்து ஊர்ப் பள்ளி மாணவி, தானும் கடைசி வருடம் என்றார். நன்றாகப் பேசினார். மூன்றாவது ஞாயிறு, “தூங்கும் முன் பால் குடி” என்று எழுத வேண்டிய இடத்தில், ஏதோ ‘ஓடிவந்ததைக் குடி’ என்று திரையில் வந்தது. எனக்குக் கை நின்றுவிட்டது.

எங்கள் வட்டாரத்தில் நகரமும் லகரமும் கலந்துவிடும். பாலுக்கு ‘நியூநாய்’ என்று சொல்ல வேண்டும். என் அம்மா ‘லியூலாய்’ என்பார். பேசும்போது யாருக்கும் தெரியாது. கணினியில் ஒலிப்படிதான் தட்டச்சு செய்ய வேண்டும், தப்பாகத் தட்டினால் வேறு எழுத்து வந்துவிடும். என் வயது மாணவிகள் இந்தத் தப்பைப் பள்ளியிலேயே அடித்துத் திருத்திக்கொண்டவர்கள். வாடைக்காற்று வேறு யாருமில்லை, அடுத்த அறையில் இருந்த என் அம்மா.

கோபம் வந்தது, இன்றும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் நான் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் வாடைக்காற்றுடன் பேசினேன். மாதிரித் தேர்வில் கணக்கில் 150க்கு 71 வாங்கியதை அம்மாவிடம் மறைத்தேன், வாடைக்காற்றிடம் சொன்னேன். பள்ளிக்குத் திரும்பும் பேருந்தில் ஏறினாலே வயிறு புரட்டுகிறது என்று சொன்னேன். “எனக்கும் அப்படித்தான்” என்று பதில் வந்தது. அதற்கடுத்த வாரம் என் பையில் துணிகளுக்கு அடியில் ஒரு பொட்டலம் இஞ்சி மிட்டாய் இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்படி நான்கு மாதம்.

இப்போது தேர்வு வாசலில் அம்மாக்கள் சீபாவ் உடுத்தி நிற்கிறார்கள். அந்த உடையின் பெயரில் இருக்கும் ‘சீ’க்குக் கொடி என்று பொருள், கொடியை விரித்ததும் வெற்றி என்று ஒரு பழமொழி இருக்கிறது, அதற்காக. 2010இல் என் அம்மா நீலச் சட்டையில் நின்றார், கடையிலிருந்து நேராக வந்திருந்தார். தேர்வு முடிந்த இரவு வாடைக்காற்றின் படம் சாம்பல் நிறமானது, அதாவது ஆள் இணைப்பில் இல்லை. பிறகு ஒருநாளும் நிறம் திரும்பவில்லை. இதுவரை நாங்கள் இருவரும் இதைப் பேசியதில்லை.

இதை நல்ல வழி என்று நான் சொல்லவில்லை. என் அம்மா செய்தது ஏமாற்று. ஆனால் அவர் தெரிந்துகொண்ட எதையும் வைத்து என்னை ஒருமுறைகூடத் திட்டவில்லை. 71 என்று தெரிந்த பிறகும் சோற்றுக்கு முன் முகம் மாறவில்லை. நீங்கள் மகளின் சின்ன நம்பரைத் திறந்தால் அதில் உங்களைப் பற்றியும் இருக்கும் அக்கா. படித்துவிட்டு மறுநாள் காலை தோசை வார்க்கும்போது படிக்காதவர் போல இருக்க முடியுமா? என்னால் முடியாது. அதனால் நான் திறக்கமாட்டேன். அவள் பேசுபவர் யார் என்று அவளிடமே கேட்பேன், எப்படித் தெரியும் என்றும் கேட்பேன். தமிழில் கேளுங்கள். சீனத்தில் கேட்டால் அது ஆசிரியர் குரல் போல இருக்கும்.

ஒரு சின்ன விஷயம். அவளுக்குச் செய்தி அனுப்பும்போது அந்த மஞ்சள் சிரிப்பு முகத்தைப் போடாதீர்கள், வாயை மூடிக்கொண்டு சிரிப்பது. உங்களுக்கு அது அன்பு. இங்கே இளையவர்களுக்கு அது ‘உன்னோடு பேச இஷ்டமில்லை’. என் அம்மா இன்றும் தினமும் மூன்று அனுப்புகிறார்.

கேச்சியாவ் மீனா:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். தேயிலைத்தோட்டம், உங்கள் கதையை இரண்டு தடவை படித்தேன், இஞ்சி மிட்டாயில் கண் கலங்கிவிட்டது. ழகரம் எங்கள் ஊரிலேயே பாதிப் பேருக்கு வராது, நீங்கள் கவலைப்படாதீர்கள். மஞ்சள் முகத்தை நான் தினமும் ஐந்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

போனைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். தட்டை வைத்து, “இந்தா, பாஜி” என்றேன். ஒரு நொடி முழித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு என் 380 யுவான் கதையைச் சொன்னேன். குழுவில் நடந்தது அவளுக்குத் தெரியும், ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி என்பது தெரியாது. ஆசிரியர் படத்தைப் பார்த்து அவசரப்பட்டது, கடைசி ஆளாகிவிடுவோமோ என்று பயந்தது, அப்பாவிடம் மறைத்தது எல்லாம் சொன்னேன்.

இரண்டு பஜ்ஜி தின்றுவிட்டு அவள் தொடங்கினாள். தினை வாங்குவதற்குக் க்யூக்யூவில் குழு இருக்குமாம். ‘துவான்ஜாங்’ என்று ஒரு தலைவி எல்லோரிடமும் முன்பணம் வாங்கி, மொத்தமாக ஆர்டர் போட்டுப் பிரித்து அனுப்ப வேண்டும். இவர்கள் தலைவி 61 பேரின் பணத்தோடு ஓடிவிட்டாள். என் மகளுக்கு 260 யுவான், பாட்டி பொங்கலுக்குக் கொடுத்த காசு. “வீட்டில் சொல்லாதே” என்று எழுதியது அவள் பக்கத்து இருக்கைக்காரியேதான், அதே கழிப்பறை ஆங்கிலக்காரி. அவளுக்கு 400 போயிருக்கிறது. அவள் அம்மாவுக்குத் தெரிந்தால் போன் போய்விடும், போன் போனால் பேச ஆளில்லை.

“அந்தத் தலைவியை எப்படி நம்பினே?” என்றேன். “முன்னாடியே ரெண்டு பேர் ‘எனக்கு வந்துடுச்சு’னு எழுதியிருந்தாங்கம்மா” என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

பாலு சொன்னபடி படத்தைத் தொட்டுப் பார்க்கும் வித்தையை அவளுக்குக் காட்டப் போனேன். அது அவளுக்கு மூன்றாம் வகுப்பிலேயே தெரியுமாம். என் போனை வாங்கி, வகுப்பாசிரியரின் பெயருக்கு முன்னால் ‘உண்மை’ என்று தமிழில் சேர்த்துக் கொடுத்தாள். நாம் மற்றவருக்கு வைக்கும் பெயர் நம் போனில் மட்டும்தான் தெரியுமாம், திருடனுக்கு அது வராது. 61 பேரில் சிலர் சேர்ந்து புகார் கொடுக்கப் போகிறார்கள், இவளுடைய ரசீதையும் அனுப்பியிருக்கிறோம். பக்கத்து இருக்கைக்காரி விஷயத்தை அவள் அம்மாவிடம் நான் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். பெற்றோர் குழுவில் அந்த அம்மாவின் ஷோவ்தாவைப் பார்க்கும்போதெல்லாம் கை பரபரக்கிறது.

கடைசியாக, “உன் சின்ன நம்பரில் என்னையும் சேர்த்துக்கறியா?” என்று கேட்டேன்.

“அம்மா, அப்புறம் நான் இன்னொரு சின்ன நம்பர் திறக்கணும்” என்றாள்.

வீட்டுக்காரர் நாளை குவாங்ஜோவிலிருந்து வருகிறார். 380ஐ இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன். பஜ்ஜி மாவு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.